மாவு மணி பார்ப்பதில்லை

சிங்கப்பூர், துபாய் விமானங்களில் திருச்சிக்கு வந்திறங்கும் பெட்டிகளில் இப்போது பிரெட் மெஷினும் வருகிறது. இணையத்தில் வாங்குவோரும் உண்டு. தில்லைநகர் அடுக்ககமானாலும் ஸ்ரீரங்கத்து உத்தர வீதி வீடானாலும், இட்லி மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் அது இடம்பிடித்த கொஞ்ச நாளில் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது சின்னமன் ரோல். பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டி, வெட்டி, ஓவனில் சுட்ட இனிப்பு ரொட்டி. கூடவே வரும் கையேடு சொல்லும் வழி எளிது. பாலையும் மைதாவையும் ஈஸ்டையும் போடுங்கள், ‘டோ’ என்ற பொத்தானை அழுத்துங்கள், ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.

மார்கழியில் இது பலிக்கிறது. சித்திரையில் அதே மைதா, அதே ஈஸ்ட், அதே பொத்தான். மூடியைத் திறந்தால் கள் வாடை அடிக்கிறது. மாவு பிசுபிசுத்துக் கையோடு வருகிறது, கட்டையால் தேய்க்க நிற்பதில்லை. சுட்டு எடுத்தால் சுருள் விரிந்து தட்டையாகக் கிடக்கிறது. ஈஸ்ட் மட்டம், மைதா சரியில்லை என்று பழி எங்கெங்கோ போகிறது. மாறியது ஒன்றுதான். அடுக்களையின் வெப்பநிலை ஏறக்குறைய பத்து டிகிரி ஏறியிருக்கிறது. கையேட்டில் எழுதியுள்ள ஒன்றரை மணி நேரம் வேறோர் ஊரின் வெப்பத்துக்கான கணக்கு. அதைத் திருச்சிக் கணக்காக மாற்றிக்கொண்டால் ஆண்டு முழுவதும் நல்ல ரோல் சுடலாம். அதற்குத் தேவையான அறிவியலில் பாதி ஏற்கெனவே நம் சமையலறைகளில் புழங்குவதுதான்.

ஒசாகாவில் கற்ற கை

வீட்டு பிரெட் மெஷினுக்கு நல்ல ஒரு பிறப்புக் கதை உண்டு. 1980களின் நடுவில் ஜப்பானின் ஒசாகாவிலிருந்த மட்சுஷிதா நிறுவனத்தின் பொறியாளர்கள் அதை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இன்று பானசோனிக் என்று நாம் அறியும் நிறுவனம் அது. இயந்திரம் பிசைந்த மாவு சரியாக வரவில்லை. மேல்தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் விடை கிடைக்கவில்லை. மென்பொருள் பிரிவிலிருந்த இகுகோ தனாகா, ஊரிலேயே நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். அவர் மாவை இழுக்கும்போதே ஒரு முறுக்கும் கொடுப்பதைக் கவனித்தார். அந்த முறுக்கி இழுக்கும் அசைவை இயந்திரத்தில் கொண்டுவரக் கலத்தின் உட்சுவரில் வரம்புகள் வைக்கப்பட்டன. 1987இல் இயந்திரம் கடைக்கு வந்தது. ஒரு தொழிலாளியின் கைப்பழக்கம் எப்படி ஒரு நிறுவனத்தின் அறிவாகிறது என்பதற்கு உதாரணமாக, ஜப்பானிய மேலாண்மை அறிஞர் இகுஜிரோ நோனாகா இதை 1991இல் எழுதினார். அதன்பின் மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது.

கையின் அசைவை இயந்திரம் கற்றுக்கொண்டது. மாவைத் தொட்டதும் சூடு அதிகம் என்று உணர்ந்து பனிக்கட்டி கேட்கும் பழக்கத்தை அது கற்கவில்லை. அதன் அடியில் இருப்பது மோட்டாரும் சூடேற்றும் கம்பியும்தான். சில உயர்விலை மாதிரிகளில் வெப்பத்தை அறியும் உணரி உண்டு. குளிர்ந்த அறையில் மாவை இதமாக வைத்திருக்க அது உதவும். சூடான அறையில் மாவைக் குளிர்விக்க அதனிடம் எந்தக் கருவியும் கிடையாது. குளிர்நாட்டுக் குறை இயந்திரத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. திருச்சியின் குறையை இயந்திரத்துக்கு வெளியே நாம்தான் தீர்க்க வேண்டும்.

ஈஸ்டின் வேகம்

ரொட்டி ஈஸ்ட் ஒரு செல் பூஞ்சை. சாக்கரோமைசஸ் செரிவிசியே என்பது அதன் அறிவியல் பெயர். சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் ஆல்கஹாலையும் வெளிவிடும். ரொட்டியை உப்பச் செய்வது அந்த வாயு. ஏறத்தாழ 4 டிகிரியில் ஈஸ்ட் அநேகமாகத் தூங்குகிறது. 24 முதல் 27 டிகிரியில் நிதானமாக வேலை செய்கிறது. 30களில் அதன் வேகம் உச்சத்தை நெருங்குகிறது. 40ஐத் தாண்டினால் திணறும். 55 முதல் 60 டிகிரிக்குள் செத்துவிடும்.

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய உயிர்வினைகளின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது ஒரு தோராய விதி. 24 டிகிரியில் 90 நிமிடம் எடுக்கும் உப்பல் 34 டிகிரியில் முக்கால் மணியிலேயே முடிந்துவிடும் என்று இதன்படி வருகிறது. இயந்திரமோ 90 நிமிடமும் மாவை விடுவதில்லை. மிச்ச நேரத்தில் வாயு பெருகி மாவின் மெல்லிய சவ்வுகளைக் கிழிக்கிறது, ஆல்கஹாலும் அமிலமும் சேர்கின்றன, ஓவனில் எழும்பத் தேவையான சர்க்கரை தீர்ந்துபோகிறது. சித்திரை மாதத்துக் கள் வாடைக்குக் காரணம் இதுதான்.

இட்லிக்கு மாவு கரைக்கும் எவருக்கும் இந்த விதி பழக்கமானது. மார்கழியில் மாலையிலேயே அரைத்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அக்கினி நட்சத்திரத்தில் ராத்திரி தாமதமாக அரைப்பார்கள், உப்பைக் காலையில் போடுவார்கள், பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுவார்கள். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் லூக்கனாஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், இங்கே ஈஸ்ட். உயிரி வேறானாலும் வெப்பத்துக்கு அவை காட்டும் போக்கு ஒன்றே. எட்டு மணி நேரம் புளிக்கட்டும் என்று எந்தப் பாட்டியும் கடிகாரம் பார்த்துச் சொன்னதில்லை. மாவு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பாத்திரத்தின் விளிம்பைத்தான் பார்ப்பார். பிரெட் மெஷினிடமும் அதே பார்வைதான் வேண்டும். மாவு இரண்டு மடங்கானால் அதன் வேலை முடிந்தது. திரையில் இன்னும் நாற்பது நிமிடம் காட்டினாலும் நிறுத்திவிடலாம்.

பாலின் சூட்டைக் கணக்கிடுவது

நிறுத்துவது பின்கதவுத் தீர்வு. மாவு சூடாகாமலே பிசையும் முன்கதவுத் தீர்வும் உண்டு. பேக்கரிக்காரர்கள் அதற்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்து முடித்த மாவு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டுமோ அதை மூன்றால் பெருக்க வேண்டும். அதிலிருந்து மைதாவின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை, பிசைவதால் எழும் உராய்வுச் சூட்டுக்கான எண் ஆகிய மூன்றையும் கழித்தால், ஊற்ற வேண்டிய தண்ணீர் அல்லது பாலின் வெப்பநிலை கிடைக்கும். உராய்வு எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கணக்குக்கு 12 என்று வைத்துக்கொள்வோம்.

மாவு 27 டிகிரியில் வேண்டும். மூன்றால் பெருக்கினால் 81. மார்கழிக் காலையில் மைதா 25, அறை 25, உராய்வு 12, ஆகக் கூட்டுத்தொகை 62. பால் 19 டிகிரியில் இருந்தால் போதும். சித்திரையில் மைதா 33, அறை 34, உராய்வு 12, கூட்டினால் 79. பால் 2 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது பனிக்கட்டிக்குச் சற்று மேலே. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயிலேயே சுடச்சுட வரும் மாதத்தில் ‘வெதுவெதுப்பான பால்’ என்ற கையேட்டு வாக்கியத்தை அப்படியே பின்பற்றினால் மாவு பிசையும்போதே 35 டிகிரியைத் தாண்டிவிடும்.

இதே கணக்கு வழியும் காட்டுகிறது. மைதாவை இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து 20 டிகிரிக்கு இறக்கினால், தேவையான பாலின் வெப்பநிலை 15ஆக ஏறுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலே தாராளமாகப் போதும், பனிக்கட்டி தேவைப்படாது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. உடனடி உலர் ஈஸ்ட் கடுங்குளிரான திரவத்தில் நேரடியாக ஊறினால் அதன் செல் சவ்வு சரியாக மூடிக்கொள்ளாது. உள்ளிருந்து குளூட்டாதயோன் என்ற பொருள் கசிந்து மாவைத் தளர்த்திவிடும். அதனால் பாலை முதலில் ஊற்றி, மேலே மைதாவைக் கொட்டி, அதன் உச்சியில் சிறு குழி செய்து ஈஸ்டை வைக்க வேண்டும். ஈஸ்ட் மைதாவோடு கலந்த பிறகுதான் ஈரத்தைச் சந்திக்கும்.

மைதாவும் பரோட்டா மாஸ்டரும்

வாயு உண்டானால் போதாது, அது நிற்கவும் வேண்டும். நிறுத்தி வைப்பது குளூட்டன். இத்தாலியின் போலோன்யா நகரத்து அறிஞர் பெக்காரி 1728இல் அதைப் பிரித்துக் காட்டினார். அவர் செய்ததை எந்த வீட்டிலும் செய்யலாம். ஒரு எலுமிச்சை அளவு மைதா மாவைப் பிசைந்து அரை மணி ஊறவிட்டுக் குழாயடியில் கசக்கிக் கழுவினால் மாவுச்சத்து பாலாகக் கரைந்தோடும். கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற உருண்டைதான் குளூட்டன். கோதுமையிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்கள் தண்ணீரில் ஊறிப் பின்னிக்கொண்டு உருவாக்கும் வலை அது. கிளையடின் இழுவையைக் கொடுக்கிறது, குளூட்டெனின் மீள்விசையைக் கொடுக்கிறது.

இந்த இரண்டு குணங்களையும் கண்ணெதிரே பார்க்க, திருச்சியில் எந்த இரவுக் கடை முன்பும் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பரோட்டா மாஸ்டர் பிசைந்த மைதாவை எண்ணெய் தடவி மணிக்கணக்கில் ஊறவைக்கிறார். ஊறிய உருண்டையை வீசினால் கண்ணாடித் தாள் போல விரிகிறது, கிழிவதில்லை. ஊறாத மாவைத் தேய்த்தால் சுருங்கித் திரும்ப வரும். பிசையும்போது இறுகிய வலை, ஓய்வில் தன் பிணைப்புகளை மாற்றி அடுக்கித் தளர்கிறது. சின்னமன் ரோலுக்கு மாவைத் தேய்க்கும்போது அது அடம்பிடித்துச் சுருங்கினால் இன்னும் அழுத்த வேண்டாம். மூடிவைத்துப் பத்து நிமிடம் விட்டால் தானாகவே வழிக்கு வரும். பிரெஞ்சு ரொட்டி ஆசிரியர் ரேமோன் கால்வெல் 1970களில் பரப்பிய முறையும் இந்த ஓய்வையே நம்புகிறது. மாவையும் நீரையும் சேர்த்து இருபது, முப்பது நிமிடம் சும்மா விட்டால் குளூட்டன் தானே உருவாகத் தொடங்கும், பிசையும் நேரம் குறையும். நமக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. பிசைவது குறைந்தால் உராய்வுச் சூடும் குறைகிறது. ஐந்து நிமிடம் பிசைந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, கலத்தோடு எடுத்து இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மீண்டும் ஓட்டலாம்.

நம் கடை மைதாவில் புரதம் பொதுவாக 10 சதவீதத்தை ஒட்டியிருக்கும். மேலைநாட்டுக் குறிப்புகள் நம்பும் ரொட்டி மைதாவில் 12, 13 சதவீதம். புரதம் குறைந்தால் அது தாங்கும் தண்ணீரும் குறையும். அதனால் அங்கே எழுதிய அளவுப் பாலை அப்படியே ஊற்றினால் மாவு தளர்ந்து ஓடும். முதலில் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் ஊற்றி, ஐந்து நிமிடம் பிசைந்த பிறகு மாவைத் தொட்டுப் பார்த்து மிச்சத்தைச் சேர்ப்பது நல்லது. மில்லில் அரைத்த கோதுமை மாவு கலக்க விரும்பினால் நாலில் ஒரு பங்கோடு நிறுத்துவது உத்தமம். அதிலுள்ள தவிட்டுத் துகள்கள் குளூட்டன் வலையை அறுக்கும், தண்ணீரையும் அதிகம் குடிக்கும்.

ஸ்ரீரங்கத்துப் பல வீடுகளில் முட்டை புழங்குவதில்லை. சின்னமன் ரோல் குறிப்புகளிலோ முட்டை அடிக்கடி வருகிறது. முட்டை செய்யும் காரியம் இரண்டு. மஞ்சள் கருவிலுள்ள லெசிதின் கொழுப்பையும் நீரையும் பிணைத்து மென்மை தருகிறது. முட்டைப் புரதம் வெந்து இறுகிக் கட்டுமானம் தருகிறது. மென்மையை வேறு வழியிலும் பெறலாம். 20 கிராம் மைதாவை 100 மில்லி பாலில் கரைத்து, அடுப்பில் கிண்டி 65 டிகிரி அளவில் கூழாக்கி ஆறவிட வேண்டும். வெப்பத்தில் வீங்கிய மாவுச்சத்து தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் ரொட்டிக்குள் அடுத்த நாளும் தங்கும். சீனாவிலும் ஜப்பானிலும் ரொட்டிக்கு இம்முறை பெயர்பெற்றது. கூழ் காய்ச்சத் தெரிந்த நமக்கு இதில் கைப்பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு சாதகமும் உண்டு. பழைய ஐரோப்பியக் குறிப்புகள் பாலைக் கொதிநிலைக்கு அருகே காய்ச்சி ஆற்றச் சொல்லும். காய்ச்சாத பாலிலுள்ள சில மோர்ப் புரதங்கள் குளூட்டனைத் தளர்த்துவதும், சூட்டில் அவை உருமாறிச் செயலிழப்பதும்தான் காரணம். பாக்கெட்டைப் பிரித்ததும் பொங்கக் காய்ச்சுவது நம் வீட்டு வழக்கம் என்பதால் இந்தப் படி தானாகவே நடந்துவிடுகிறது.

பட்டை உள்ளேயா, வெளியேயா

பட்டைத் தூளை மாவிலேயே கலந்து பிசைந்தால் சுருட்டும் வேலை மிச்சமாகுமே என்று தோன்றலாம். மாவு எழும்பாது. பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு நுண்ணுயிர்களை அடக்கும் இயல்புடையது. 1834இல் துமா, பெலிகோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதைப் பட்டை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பட்டை மரம் தன் தோலைப் பூஞ்சையிடமிருந்து காக்க வைத்திருக்கும் பொருள்களில் இதுவும் ஒன்று. ஈஸ்டும் பூஞ்சைதான். ஆக, மாவை ஒரு பக்கமும் பட்டையை மறுபக்கமும் வைத்துச் சுருட்டும் வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததில்லை. ஈஸ்ட் தன் அடுக்கில் தடையின்றி வேலை செய்கிறது, பட்டை தன் அடுக்கில் மணம் காக்கிறது.

சர்க்கரைக்கும் இதே நியாயம் பொருந்தும். மைதாவின் எடையில் சில சதவீதம் சர்க்கரை ஈஸ்டுக்கு உணவு. 10 சதவீதத்தைத் தாண்டினால் சவ்வூடு பரவலால் ஈஸ்ட் செல்லிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படும், வேலை மந்தமாகும். அதனால் இனிப்பின் பெரும்பங்கு உள்ளே வைக்கும் பூரணத்துக்குப் போகிறது. அதற்கு நாட்டுச்சர்க்கரை மிகப் பொருத்தம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போன்ற நல்ல சரக்கில் கரும்புச் சாற்றின் மணம் பட்டையோடு இணைந்து நிற்கும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஆடி, ஐப்பசியில் கட்டியாகி இருந்தால் வாணலியில் லேசாகச் சூடாக்கி உதிர்த்துக்கொள்ள வேண்டும். சுருட்டிய பிறகு மாவின் ஈரத்தில் கரைந்து வழியாமலிருக்க ஒரு தேக்கரண்டி மைதா கலந்தால் சுடும்போது அது கெட்டிப்பட்டுப் பாகைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பட்டை

திருச்சி பெரிய கடைவீதியிலோ காந்தி மார்க்கெட்டிலோ வெறுமனே ‘பட்டை’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது தடித்த, கரடான, கையால் ஒடிக்க முடியாத கேசியா. சீனா, வியட்நாம், இந்தோனேசியா நாடுகளில் விளையும் வேறு இனங்களின் தோல் அது. பிரியாணிக்கும் குருமாவுக்கும் முழுசாகப் போட்டு எடுத்துவிட அது ஏற்றதுதான். இலங்கைக் கறுவா வேறு மரம். உள்தோலை மட்டும் கையால் உரித்து, தாள் போன்ற பல அடுக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்துவார்கள். குறுக்கே பார்த்தால் சுருட்டு போலத் தெரியும், விரலால் நொறுங்கும், நிறம் இளம்பழுப்பு. சுருள் பட்டை, சிலோன் பட்டை என்று கேட்டு வாங்க வேண்டும். காடுகளில் உரித்துவந்த இந்தப் பட்டையை டச்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொழும்பில் தோட்டப்பயிராக்கினார்கள். சிலோன் சின்னமனுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உள்ளதால் உறவினர் வழியாகவும் இது நம் ஊருக்கு வருகிறது.

இரண்டுக்கும் மண வேறுபாட்டை விடப் பெரிய வேறுபாடு கூமரின். கேசியாவில் இயற்கையாகவே உள்ள இந்தப் பொருள் அதிகமானால், எளிதில் பாதிக்கப்படும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் உட்கொண்டால் ஆபத்தில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த அளவு. கேசியாவில் கூமரின் சரக்குக்குச் சரக்கு மாறும். ஒரு கிராமில் 3 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ளவர் ஒரு நாளில் 2 கிராம் கேசியா தூளிலேயே எல்லையைத் தொடுவார். 15 கிலோ குழந்தைக்கு எல்லை அரை கிராம். 8 கிராம் தூளில் 12 ரோல் செய்தால் ஒரு ரோலுக்கு முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். எப்போதாவது ஒன்று சாப்பிடுவதால் கெடுதல் வந்துவிடாது. வாரத்தில் பல நாள் குழந்தைகளுக்குச் செய்து கொடுக்கும் வீட்டில் இது யோசிக்க வேண்டிய அளவு. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிக மிகக் குறைவு.

ஐரோப்பாவில் இது சட்டமாகவே இருக்கிறது. அன்றாட இனிப்பு ரொட்டியில் கிலோவுக்கு 15 மில்லிகிராமும், பண்டிகை மற்றும் மரபுப் பண்டங்களில் 50 மில்லிகிராமும் கூமரினுக்கு உச்ச வரம்பு. 2013இல் டென்மார்க்கின் பட்டை ரொட்டி எந்த வகையில் சேரும் என்று அந்நாட்டு பேக்கரிக்காரர்கள் பெரும் வாதம் செய்தார்கள். 1999 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 4ஐச் சின்னமன் ரொட்டி நாளாகக் கொண்டாடும் சுவீடன், தன் ரொட்டியை மரபுப் பண்டமாக வகைப்படுத்திக்கொண்டது. நமக்கு இத்தனை வாதம் தேவையில்லை. பொடித்து உண்ணும் பண்டத்துக்குச் சுருள் பட்டை, முழுசாகப் போட்டு எடுக்கும் குழம்புக்குக் கேசியா என்று டப்பாவைப் பிரித்து வைத்தால் போதும்.

இரவு ஃபிரிட்ஜ், காலை ஓவன்

இதுவரை சொன்னதை எல்லாம் சேர்த்தால் திருச்சிக் கோடைக்கு ஒரு நடைமுறை கிடைக்கிறது.

12 ரோலுக்கு மைதா 400 கிராம், காய்ச்சிக் குளிரவைத்த பால் 240 மில்லி, தயிர் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 50 கிராம், உப்பு 7 கிராம், உடனடி ஈஸ்ட் 4 கிராம். கூழ் காய்ச்சிச் சேர்ப்பதானால் அதற்கான 20 கிராம் மைதாவையும் 100 மில்லி பாலையும் இதிலிருந்தே எடுக்க வேண்டும், பிறகு கூழைக் குளிரவைத்தே சேர்க்க வேண்டும். மாலையில் இயந்திரத்தில் பிசைய வேண்டும். மாவு ஒரு பந்தாகத் திரண்ட பிறகே வெண்ணெய். முதலிலேயே போட்டால் கொழுப்பு மைதாத் துகள்களில் படிந்து நீர் சேர்வதைத் தடுக்கும். பிசைந்து முடிந்ததும், உப்பும் கட்டத்துக்கு இயந்திரம் போகும் முன் நிறுத்தி, மாவை எண்ணெய் தடவிய மூடிய பாத்திரத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

ஃபிரிட்ஜின் குளிர் உள்வரை போய்ச் சேர நேரமாகும். அதற்குள் மாவு ஓரளவு எழும்பும், பிறகு ஈஸ்ட் மெல்ல அடங்கும். இரவு முழுக்கக் குளூட்டன் ஓய்வெடுக்கும், நொதிகள் மாவுச்சத்தைச் சிறிது சர்க்கரையாக உடைக்கும், மணமும் கூடும். முக்கியமாக, வெண்ணெய் இறுகிவிடும். வெண்ணெய் 30 டிகிரிக்கு மேல் வேகமாக இளகி 35 அளவில் முழுக்க உருகும். சித்திரைப் பகலில் தேய்த்தால் பூரணத்தோடு எண்ணெயாக வழிவது அதனால்தான். காலை ஆறு மணிக்கு அடுக்களை ஏறத்தாழ 28 டிகிரியில் இருக்கும்போது எடுத்தால், மாவு விறைப்பாக, தேய்க்கவும் வெட்டவும் வாகாக இருக்கும்.

சப்பாத்திக் கட்டையால் 40க்கு 30 சென்டிமீட்டர் அளவு செவ்வகமாகத் தேய்த்து, 40 கிராம் இளக்கிய வெண்ணெய் தடவி, 100 கிராம் நாட்டுச்சர்க்கரையும் 8 கிராம் பட்டைத் தூளும் ஒரு தேக்கரண்டி மைதாவும் கலந்து தூவி, நீளவாட்டில் சுருட்ட வேண்டும். கத்தி அழுத்தினால் சுருள் நசுங்கும். ஸ்ரீரங்கத்து வீடுகளில் பூக்கட்டும் நூல் எப்போதும் இருக்கும். சாயமில்லாத, சுத்தமான நூலைச் சுருளின் அடியில் விட்டு மேலே குறுக்காக மாற்றி இழுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் அறுபட்டு வட்டம் வட்டமாக நிற்கும்.

தட்டில் அடுக்கி மூடி வைத்தபின் நேரத்தைப் பார்க்காமல் மாவைப் பார்க்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்ல, பாதி மட்டும் நிமிர்ந்தால் ஓவன் நேரம். நிமிரவே இல்லையென்றால் தாமதமாகிவிட்டது, உடனே சுட வேண்டும்.

180 டிகிரி ஓவனில் 20 முதல் 25 நிமிடம். முதல் சில நிமிடம் ஈஸ்ட் கடைசி வேகத்தில் வாயு விடும். மாவு நீரில் கரைந்திருந்த கரியமில வாயு சூட்டில் வெளியேறும், ஆல்கஹால் 78 டிகிரியில் ஆவியாகும். மூன்றும் சேர்ந்து ரோலைத் தூக்கும். ஈஸ்ட் சாகும் வெப்பத்தை ஒட்டி மாவுச்சத்து வீங்கத் தொடங்கும், 70களில் குளூட்டன் இறுகும், அந்த வடிவம் நிலைத்துவிடும். மேற்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வரும். நடுவில் செருகிய வெப்பமானி 90 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. சிறிய ஓ.டி.ஜி. அடுப்புகளில் மேல் கம்பி நெருக்கமாக இருப்பதால் தட்டைக் கீழ்த்தட்டில் வைத்தால் தலை கருகாது. மேல்பூச்சுக்கு க்ரீம் சீஸ் நம் வெயிலில் நிற்காது. பொடித்த சர்க்கரையில் சில சொட்டுப் பாலும் ஏலக்காயும் போதும்.

மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெந்த மாவுச்சத்து ஆறியதும் மீண்டும் படிகமாக இறுகுவதே ரொட்டி காய்வதற்கு முக்கியக் காரணம். ஃபிரிட்ஜின் 4 டிகிரி அளவில்தான் அது மிக விரைவாக நடக்கும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவதும் இதனால்தான். அன்றைக்கும் மறுநாளைக்கும் மூடிய டப்பாவில் வெளியே வைக்கலாம். அதற்கு மேல் என்றால் நம் ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும் என்பதால் ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது சூடாக்கலாம். 60 டிகிரிக்கு மேல் சூடேறும்போது இறுகிய மாவுச்சத்து மீண்டும் இளகிப் பழைய மென்மைக்குத் திரும்பும்.

எழுத வேண்டிய எண்

வீட்டிலிருந்தே ரொட்டியும் கேக்கும் செய்து விற்கும் பெண்கள் திருச்சியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கோடையில் ஒரு தட்டு மாவு கெட்டால் அவர்களுக்கு அது ஒரு நாள் வருமானம். அவர்கள் கையிலிருக்கும் குறிப்புகளில் கிராம் இருக்கிறது, மில்லி இருக்கிறது, நிமிடம் இருக்கிறது. மாவின் வெப்பநிலை அநேகமாக எங்கும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் செருகு வெப்பமானியும் ஒரு நோட்டும் இந்தக் குறையைத் தீர்க்கும். ஒவ்வொரு முறையும் அறை, மைதா, பால், பிசைந்த மாவு ஆகிய நான்கின் வெப்பநிலையையும், மாவு இரண்டு மடங்காக எடுத்த நேரத்தையும் எழுதிவந்தால், ஒரு சித்திரையிலிருந்து அடுத்த சித்திரைக்குள் நம் ஊருக்கென்றே ஒரு அட்டவணை உருவாகிவிடும். தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, திருச்சியில் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. காவிரிக் கரையின் வெப்பத்துக்கும் நம் கடை மைதாவுக்கும் பொருந்தும் அட்டவணையைச் சோதித்துத் தமிழில் வெளியிட்டால் அது பல அடுக்களைகளுக்கு நேரடியாகப் பயன்படும். சமையல் குறிப்பு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: மாவு எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள், எத்தனை நிமிடம் என்பதை அதற்குப் பிறகு எழுதுங்கள். அந்த வரிசையில் எழுதிய குறிப்பு திருச்சியிலும் பலிக்கும், ஊட்டியிலும் பலிக்கும்.